நாகம்மாள் கொண்ட அச்சம்

ஒரு கதை நூலைப் படித்து முடித்தவுடன் அதன் மாந்தரை நல்லார் என்றும் தீயார் என்றும் இரு கூறாகப் பிரித்து வைத்துவிடுதல் மாணவராகிய எமக்கு எளிதில் கைவந்த தொழில். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. ஆயினும், நாம் கிழித்த அக்கோடு நம் இல்லத்து வாயில்வரை நீண்டு வருமாயின் யாது செய்வது? இவ்வாண்டு எம் வகுப்பில் நிகழ்ந்த ஓர் உரையாடல் இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பிற்று. அதுபற்றி எமக்குத் தோன்றியதை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

வகுப்பில் ஆராயப்பட்ட நூல் ஆர். சண்முகசுந்தரம் இயற்றி 1942-இல் வெளிவந்த ‘நாகம்மாள்’. ஆசிரியர் தாராபுரத்தை அடுத்த கீரனூரிற் பிறந்தவர். வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழாக்கியவர். கொங்குநாட்டுக் குடியானவரின் பேச்சை நாவலில் அச்சமின்றி ஏற்றிய முன்னோடி நூல் இஃது என்பர். அந்நூல் காட்டும் மேட்டு நிலமும் சந்தையும் வண்டித்தடமும், 2009-இல் தனி மாவட்டமாகிய திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த எம்மனோர்க்குப் புதியன அல்ல.

கதை சிறிது. நாகம்மாள் இளங்கைம்பெண், முத்தாயி என்னும் சிறுமியின் தாய். கணவன் இறந்தபின் கொழுந்தன் சின்னப்பனோடும் அவன் மனைவி ராமாயியோடும் ஒரே குடியாக வாழ்கின்றாள். நிலத்தை விற்றுவிட்டு மனைவியின் ஊருக்குப் போய்விடலாம் என்னும் எண்ணம் அவ்விளையவர் இல்லறத்திற் புகுகின்றது. நாகம்மாள் தன் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கின்றாள். ஊரில் முரடன் எனப் பெயரெடுத்த கெட்டியப்பன் அவளுக்குத் துணையாகின்றான். முடிவில், எவர்க்கும் தீங்கு நினையாத சின்னப்பன் உயிரிழக்கின்றான்.

வகுப்பிலுள்ளார் பெரும்பாலோர் நாகம்மாளைப் பேராசைக்காரி என்றனர். சிலர் குடிகெடுத்தவள் என்றனர். யாமும் அவ்வாறே கூறினோம். அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். அவருடைய தாயார் பனியன் கம்பெனியிற் பிசிறு வெட்டும் வேலை செய்பவர். “ஐயா, நெலத்த வித்துப்போட்டு அவிய போயிட்டா, இவ புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கீங்க போவா?” என்று கேட்டார். வகுப்பு அடங்கிவிட்டது. விடை கூற எம்மில் ஒருவரும் எழவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நான்கு நிலைக்களன் வகுத்துள்ளார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. நாகம்மாளை அச்சுறுத்தியது பேயுமன்று, விலங்குமன்று. ஆனால் ஏனைய இரண்டும் அவ்வொரு வீட்டினுள்ளேயே குடியிருந்தன. நிலத்தைக் கையில் வைத்திருப்பவன் கைம்பெண்ணுக்கு இறை ஆகின்றான், அவன் சாந்தமுடையவனாயினும். அவன் விற்க நினைத்த அன்றே அவள் கண்ணுக்குக் கள்வனும் ஆகின்றான். பங்கு கேட்கும் அவளோ அவன் கண்ணுக்குக் கள்வியாகின்றாள். இருவரும் அஞ்சினர், இருவரும் மற்றவரே வலியர் என்று கருதினர். இங்ஙனம் ஒருவர்க்கொருவர் அஞ்சும் வீட்டில் கெட்டியப்பன் புகுவதற்குக் கதவு தானே திறந்துகொள்கின்றது.

அவனுக்கு உரிய வலிமைதான் யாது? மணியகாரர்க்கு உள்ளதுபோல் உத்தியோகம் உண்டா? இல்லை. அவன் கைத்தடியும், ‘நமக்கேன் வம்பு’ என்றிருந்த ஊராரின் வாய்மூடலுமே அவன் வலிமை. அஞ்சுகின்றவர் தமக்கில்லாத வலிமையைப் பிறரிடம் கடன்வாங்குவர். அக்கடனுக்கு வட்டியாக எதனைக் கேட்பான் என்று கடன்கொடுத்தவனைக் கேளார். நாகம்மாளின் பிழை பங்கு கேட்டதில் இல்லை. அந்தக் கடனில் இருக்கின்றது. சின்னப்பனின் இரத்தத்திற்கு அவள் கணக்குச் சொல்லவே வேண்டும். அதனை யாம் மறைக்க முயலவில்லை. ஆனால் அக்கணக்கில் அவள் பெயரை மட்டும் எழுதி ஏட்டை மூடிவிடலாகாது என்பதே எமது துணிபு.

ஏனெனில், அவள் வேறு எவரிடம் சென்றிருக்கக்கூடும்? 1937-இல் இயற்றப்பட்ட இந்து மாதர் சொத்துரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பத்தில் இறந்தவனுக்கிருந்த உரிமையை அவன் மனைவிக்கு ஆயுட்கால அளவில் அளித்தது. பாகம் கேட்கும் உரிமையையும் தந்தது. ஆனால் மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்திற்கு அச்சட்டம் செல்லாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. உழுது உண்போர்க்கு நிலமன்றி வேறு சொத்து ஏது? சென்னை மாகாணம் அவ்வுரிமையை விவசாய நிலத்திற்கும் நீட்டியது 1947-இல். முழுவுரிமை வந்தது 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தால். ஆகவே ‘நாகம்மாள்’ அச்சேறிய 1942-இல், அவளைப் போன்ற குடியானவப் பெண்ணுக்குச் சட்டத்தின் கதவு திறந்ததுபோற் காட்டி மூடப்பட்டிருந்தது. சட்டமும் சான்றோரும் கைவிட்ட இடத்திலேதான் முரடன் காவலனாகின்றான்.

ஆகாப் மன்னன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பிய வரலாற்றை நாம் ஞாயிறு பள்ளியிற் படித்திருக்கின்றோம். அதிலும் யெசபேலின் பெயரே நம் நினைவில் நிற்கின்றது. அவள் எழுதியவை நிருபங்களே. அவற்றை வாங்கிப் படித்து, பொய்ச்சாட்சி நிறுத்தி, நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லச் செய்தவர்கள் அவனுடைய ஊர் மூப்பர்கள். அவர்களுள் ஒருவருக்கும் நம் வேதநூல் பெயர் கூறவில்லை. பெண்ணின் பெயர் நிலைக்கின்றது. அஞ்சிப் பணிந்த மூப்பர் பெயரின்றி மறைந்துபோகின்றனர். வள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்னும் அதிகாரத்தை அரசியலில் வைத்தார். அச்சுறுத்தாமை அரசனுக்கு மட்டுமன்றி, வீட்டுத் தலைவனுக்கும் ஊர்ப் பெரியவனுக்கும் உரிய கடமை என்று நாம் விரித்துக் கொள்ளுதல் தவறாகாது.

‘இவையெல்லாம் பழங்கதை, இன்றைய நாகம்மாள் திருப்பூருக்குப் பேருந்தேறி, கைமடி வேலைக்கோ செக்கிங் வேலைக்கோ சேர்ந்து, சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்கி நிமிர்ந்து வாழ்வாள்’ என்று ஒரு நண்பர் எம்மிடம் வாதித்தார். அதில் உண்மை உண்டு. பின்னலாடைத் தொழில் எத்தனையோ பெண்களுக்குத் தம் கையாற் சம்பாதித்த பணத்தைக் கண்ணிற் காட்டியிருக்கின்றது. ஆயினும் 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கை எம் தெருவார் மறக்கவில்லை. மார்ச்சு மாத இறுதியிற் கம்பெனிகள் மூடப்பட்டன. சனிக்கிழமைகள் வெறுமையாக வந்து போயின. ஊரில் ஒரு வீடும் துண்டு நிலமும் உடையார் அங்கே போய்த் தங்கினர். அவை இல்லாதார் வாடகை வீட்டின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தனர். கூலி என்பது ஆர்டர் உள்ளவரை. ஆதலின் அம்மாணவியின் வினா 1942-க்கு மட்டும் உரியதன்று.

நிற்க. இனி, வாயில்வரை வந்த கோட்டைப்பற்றிச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவராகிய எங்களை ஆளும் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு வைத்துள்ளது. எம் பாட்டனார் உயில் எழுதாமலே காலமானார். எம் அத்தைமார் இருவரும் ஒரு காலைப்பொழுதிற் பத்திரப்பதிவு அலுவலகத்திற்கு வந்து, விடுதலைப் பத்திரத்திற் கையெழுத்திட்டு, எம் இல்லத்தில் உணவருந்திச் சென்றனர். அன்று ஒருவரும் அவர்களை மிரட்டவில்லை. ‘கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக்கு அண்ணன் வீட்டுப் படியேற முடியுமா?’ என்று இளைய அத்தை சமையலறையில் எம் தாயாரிடம் மெல்லக் கூறியது மட்டும் எம் காதில் விழுந்தது. அப்போது எமக்கு வயது பன்னிரண்டு, பொருள் விளங்கவில்லை. ‘நாகம்மாளை’ப் படித்தபின் விளங்கிற்று. எம் அத்தைமார் கெட்டியப்பனைத் தேடவில்லை. அதனால் அவர்களை நல்லவர்கள் என்கின்றோம். அவர்கள் கொண்ட அச்சத்தை ஒருவரும் வினவவில்லை. எம் தந்தையார் கொடியவர் அல்லர். சின்னப்பனும் கொடியவன் அல்லன்.

எனவே, தோழர்காள், இந்நூலைத் தேர்வுக்கு மட்டும் படித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் இல்லத்திற் பாகப்பிரிவினைப் பேச்சு எழுமாயின், அங்கே வாய்பேசாது நிற்பவர் யார் என்று பாருங்கள். கேளாது விட்டவரிடம், ‘உங்களுக்கு வேண்டாவா, அன்றிக் கேட்க அஞ்சுகின்றீர்களா?’ என்று ஒருமுறையேனும் வினவுங்கள். ஒருவருடைய அச்சத்தை அன்புடையார் முதலிற் கேட்டுவிட்டால், முரடன் கேட்பதற்கு எஞ்சியிருப்பது ஒன்றுமில்லை. வருகின்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இல்லம் செல்லும்போது யாமும் எம் தந்தையாரிடம் அவ்விடுதலைப் பத்திரத்தைப்பற்றிப் பேசுவதாக இருக்கின்றோம். எவ்வாறு தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. எமக்கும் அச்சமாகவே இருக்கின்றது.