கமுதியில் பாலைவனம் இல்லை

தமிழில் பயணக் கட்டுரைக்கென்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. தனி ஆள், ஒரு புல்லட், விடியுமுன் புறப்பாடு. அருப்புக்கோட்டை தாண்டியதும் வெளி அகலும், சாலை நீளும், கமுதிக்குச் சற்று முன்னால் ‘பாலைவனம்’ என்ற சொல் வந்து விழும். பிறகு ஒரு தேநீர்க்கடை, காசு வாங்க மறுக்கும் ஒரு பெரியவர், வெள்ளந்தி மனிதர்களைப் பற்றி ஒரு பத்தி. கடைசியில் சாயல்குடி வழியாகக் கடல். பல ஆண்டுகளுக்கு முன் இதே வாய்பாட்டில் நானும் ஒரு கட்டுரை எழுதி, அச்சில் பார்த்து மகிழ்ந்தவன்தான். எனவே இதை முதலில் என்மீதான குற்றச்சாட்டாகவே வாசிக்கலாம்.

கமுதி பாலைவனம் அன்று. ஜெய்சால்மரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை. இராமநாதபுரம் மாவட்டத்தில் சராசரியாக அதைப்போல் நான்கு மடங்கு. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த இரண்டு மாத நீரைப் பிடித்து வைப்பதற்காகவே இந்தச் சீமை முழுக்கக் கண்மாய்கள் வெட்டப்பட்டன. ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்ததற்குப் போகும். குடிநீருக்குத் தனியே ஊருணி. குண்டாற்றிலிருந்து சேதுபதிகள் வெட்டிய கால்வாய்க்கு ரகுநாத காவிரி என்று பெயர். வறண்ட சீமையில் ஒரு கால்வாய்க்குக் காவிரி என்று பெயரிட்டவனின் ஆசையை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் சற்றுத் தொண்டை அடைக்கும். புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் நெல், பருத்தி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற குண்டு மிளகாய் எல்லாம் இங்கே விளைபவை. நம் பயணிகள் சித்திரையில் வருகிறார்கள். வெடித்த கரிசலைப் படம் பிடிக்கிறார்கள். மார்கழியில் வந்தால் அதே சட்டகத்துக்குள் நெல் நிற்கும். ஆனால் அப்போது அவர்கள் இடுக்கியில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பாலை தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு அடையும் நிலை என்று இளங்கோவடிகளே சொல்லிவிட்டார். இயல்பு கெட்ட காரணத்தைக் கேட்பதுதான் எழுதுகிறவனின் வேலை. ‘பாலைவனம்’ என்று எழுதியவுடன் அந்தக் கேள்வி செத்துவிடுகிறது. பாலைவனம் இயற்கை; அதற்கு யாரும் பொறுப்பல்லவே!

வெறுமை என்ற இந்தப் புனைவு பலருக்கும் வசதியாக இருந்திருக்கிறது. அரசு ஊழியனைத் தண்டிக்க ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றுவேன் என்று மிரட்டுவது நம் நிர்வாகத்தின் பழைய நகைச்சுவை. அந்தக் காட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. 2016இல் கமுதி அருகே செங்கப்படையில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2500 ஏக்கரில் திறக்கப்பட்டது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்பவனல்ல நான். ஆனால் ‘சும்மா கிடந்த தரிசு’ என்று அந்த நிலத்தைக் கடந்துபோகும் பேச்சும் பயணக் கட்டுரையின் ‘கண்ணுக்கெட்டிய தூரம் வெறுமை’யும் ஒரே இலக்கணத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆடு மேய்ந்த நிலம் சும்மா கிடந்த நிலமல்ல.

இனி அந்த வெள்ளந்தி மனிதர்கள். என் கட்டுரையிலும் ஒரு தேநீர்க்கடைப் பெரியவர் உண்டு. இந்தப் பாலைவனத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். “பாலைவனம் நான் பாத்திருக்கேன் தம்பி. சவுதியில பதினோரு வருசம் லாரி ஓட்டுனேன். இது பாலைவனமில்ல, கம்மா நெறையாத ஊரு” என்றார். அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் கட்டுரை கெட்டிருக்கும். காசு வாங்க மறுத்ததை மட்டும் எழுதினேன்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியையும் விட்டுவிட்டேன்: எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை? அதை விருந்தோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். கமுதியில் அது அவ்வளவு எளிய கேள்வியல்ல. 1897இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அவர்களுக்கு எதிராகவே முடிந்த ஊர் இது. 1957 முதுகுளத்தூர்க் கலவரத்தின் நினைவு இன்னும் ஆறாத வட்டாரம். பக்கத்துப் பெருநாழியிலிருந்து வேல ராமமூர்த்தி போன்ற ஓர் எழுத்தாளர் வந்திருக்கிறார். அவரைப் படித்துவிட்டும் இந்த ஊர்க்காரர்களை வெள்ளந்தி என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

புல்லட்டும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2025 பிப்ரவரியில், அடுத்துள்ள சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரை அருகே ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்றது குடும்பம். மூவர் கைதானார்கள். எந்த ஊருக்குள்ளும் எந்தத் தெருவிலும் வண்டியை உறுமவிட்டுப் போய், அதற்கு ‘விடுதலை’ என்று பெயர் வைக்க முடிகிறதென்றால், அந்த உரிமை எங்கிருந்து வந்ததென்று ஓட்டுகிறவன் ஒருமுறையாவது யோசிக்க வேண்டாமா?

இவ்வகை எழுத்தாளர்கள் எல்லோரும் சே குவேராவைத் துணைக்கு அழைப்பார்கள். 2004இல் வந்த திரைப்படத்தின் புண்ணியம். அவர்கள் மறந்துவிடுவது ஒன்றுண்டு. அந்தப் புகழ்பெற்ற நார்ட்டன் வண்டி சிலியின் பாலைநிலத்தை எட்டவே இல்லை. அதைச் சாந்தியாகோவில் விட்டுவிட்டார்கள். 1952 மார்ச்சில் சுக்கிகமாட்டா சுரங்கத்துக்குப் போகும் வழியில், கம்யூனிஸ்டாக இருந்ததற்காகச் சிறை சென்று வந்த தொழிலாளியையும் அவர் மனைவியையும் சந்தித்தபோது அவர்களிடம் வண்டி இல்லை. கடுங்குளிரில் தங்கள் போர்வைகளில் ஒன்றை அந்தத் தம்பதிக்குக் கொடுத்தார்கள். லாரிக்குக் கைகாட்டி நிற்கிறவனுக்குக் கிடைத்த சந்திப்பு அது.

என் வண்டி அன்று பழுதாகவில்லை. கண்மாய் ஏன் நிறையவில்லை என்று கேட்டிருந்தால் பெரியவர் வரத்துக்கால் எங்கே தூர்ந்தது, எங்கே சீமைக்கருவேலம் அடைத்தது, அந்தக் கருவேலத்தையே வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி எத்தனை வீடுகளில் உலை கொதிக்கிறது என்றெல்லாம் சொல்லியிருக்கக்கூடும். நேரமும் அவரிடம் இருந்தது. நான் கேட்டது, கடலுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று.