தனி டம்ளர் காய்ச்சலைத் தடுக்காது

எந்தச் சாதிக்காரரின் சிறுநீரகம் எந்தச் சாதிக்காரரின் வயிற்றுக்குள் போகிறது என்று எந்த அறுவை அரங்கிலும் கேட்பதில்லை. ரத்த வகை பொருந்த வேண்டும், திசு பொருந்த வேண்டும். குலம் பொருந்த வேண்டியதில்லை. நம் மேடைகளில் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறோம். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு, 2023 செப்டம்பரில் கொடையாளர்களுக்கு அரசு மரியாதையும் அறிவித்தது. நல்லது. ஆனால் உறுப்பைப் பெற்றவர் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகிறார் என்பதைப் பற்றி நாமும் பேசுவதில்லை, அரசும் பேசுவதில்லை.

புதிய சிறுநீரகத்தை உடல் அந்நியனாகவே பார்க்கும். அது தாக்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று காலம் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். அவை நோய் எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அடக்கும். நமக்கு மிளகு ரசத்தோடு நாலு நாளில் போய்விடும் ஃப்ளூ, அவர்களுக்கு நிமோனியாவாகலாம். பொருத்திய உறுப்பே பறிபோகலாம். ஸ்டீராய்டு எடுப்பதால் சிலருக்கு உடம்பு பெரிதாகக் கொதிக்கக்கூடச் செய்யாது. வெறும் இருமல்தானே என்று விட்டுவிடுவார்கள்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் சென்னையில் ஃப்ளூ தலைதூக்கும். தினக்கூலிக்குப் போகும் ஒருவர் அப்போது என்ன செய்வார்? அறுவை நடந்த பெரிய மருத்துவமனைக்குப் போனால் பேருந்துக் காசு போகும், ஒரு நாள் கூலியும் போகும். எனவே தெருமுனை மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். அதில் டைக்ளோஃபெனாக் இருந்தால் சிறுநீரகத்துக்கே கேடு. கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் இருந்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு எகிறும். அவருக்குத் தேவை ஓசல்டாமிவிர். பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

"ஒதுங்கி இருங்கள், தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று டிஸ்சார்ஜ் செய்யும்போது சொல்லி அனுப்புகிறார்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எங்கே ஒதுங்குவது? இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம் தனி டம்ளர் என்றால் அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று சொல்பவருக்குத் தெரியாது. டம்ளரைப் பிரித்து வைப்பதால் மட்டும் ஃப்ளூ நிற்காது. அது பெரும்பாலும் இருமலிலும் மூச்சிலும் பரவுவது. நோயாளியை ஒதுக்குவதைவிட, அவரைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்வதே காப்பு. காரணம் இருக்கிறது: எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடம்பில் தடுப்பூசி முழு வேலை செய்யாது. அவரும் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்; மூக்கில் அடிக்கும் உயிர்த் தடுப்பு மருந்தை அல்ல, ஊசியை. மீதிக் காப்பை மனைவியும் பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் தர முடியும்.

அந்த ஊசி ஒன்றிய அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரிடம் போனால் ஒருவருக்கே ஆயிரத்துக்கு மேல் ஆகும். ஐந்து பேருக்கு, ஒவ்வொரு ஆண்டும், யார் கொடுப்பது?

மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் அதே கவுன்ட்டரில், பருவமழைக்கு முன்பே, அவருக்கும் குடும்பத்துக்கும் இலவசமாக ஊசி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓசல்டாமிவிர் கையிருப்பு வேண்டும். காய்ச்சல் நாளில் கூலி இழப்புக்கு ஈடு வேண்டும். பல லட்சம் செலவழித்துப் பொருத்திய சிறுநீரகத்தைக் காக்க இதையும் செய்யாத அரசிடம், சட்டமன்ற உறுப்பினரின் அலுவலக வாசலில் நின்றாவது கேட்போம். அடுத்த அக்டோபருக்கு முன்னால்.