பென்சில்வேனியா: ஆறு பல்கலைக்கழகங்கள் இரண்டானதன் பலன் என்ன?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 14 அரசுப் பல்கலைக்கழகங்கள் 1983ஆம் ஆண்டு ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவரப்பட்டன. அவற்றில் ஆறினை இரண்டாக இணைக்கும் திட்டத்துக்கு அமைப்பின் நிர்வாகக் குழு 2021 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. 2022 ஜூலையில் இணைப்பு நடைமுறைக்கு வந்தது.

ப்ளூம்ஸ்பர்க், லாக் ஹேவன், மான்ஸ்ஃபீல்ட் ஆகியவை காமன்வெல்த் பல்கலைக்கழகமாகவும், கலிஃபோர்னியா என்ற பென்சில்வேனியச் சிற்றூரில் உள்ள பல்கலைக்கழகமும் கிளாரியன், எடின்பரோ ஆகியவையும் பென்வெஸ்ட் பல்கலைக்கழகமாகவும் மாறின.

இதற்கான அடிப்படைக் காரணம் மாணவர் எண்ணிக்கையில் ஏற்பட்ட சரிவு. 2010ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1,20,000 பேர் பயின்ற இந்த அமைப்பில், 2020ஆம் ஆண்டில் சுமார் 94,000 பேரே இருந்தனர். பள்ளிப் படிப்பை முடிப்போர் தொகை குறைந்தது. மாநில அரசின் உதவி போதாமையால், செலவின் பெரும்பகுதி மாணவர் கட்டணத்தின் மீது விழுந்தது. கட்டணம் உயர உயர, ஏழை மாணவர்கள் விலகிச் சென்றனர்.

மூன்று வளாகங்களுக்கு ஒரே தலைவரும் ஒரே பாடத்திட்டமும் இருந்தால் செலவு குறையும் என்பது இணைப்பை ஆதரிப்போரின் வாதம். ஒரு வளாகத்தில் ஐந்து பேர் மட்டுமே விரும்பும் பாடத்தை, மூன்று வளாகங்களின் மாணவர்களுக்கும் சேர்த்துக் கற்பிக்க முடியும் என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

ஆனால் எடின்பரோவிலிருந்து கலிஃபோர்னியா செல்ல, காரில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆகவே வகுப்பைப் பகிர்வதென்பது பெரும்பாலும் கணினித் திரை வழியாகக் கற்பதாகவே அமையும். நேரடிக் கல்வியை நாடி வரும் கிராமப்புற மாணவர்களுக்கு இது இழப்பு என்று விமர்சகர்கள் வாதிடுகின்றனர். தவிரவும், சிற்றூர்களில் பல்கலைக்கழகமே முக்கிய வேலைவாய்ப்பாக இருப்பதால், அங்கு குறைக்கப்படும் ஒவ்வொரு பணியிடமும் ஊரின் வருவாயைப் பாதிக்கிறது.

இணைப்பின் விளைவை மட்டும் தனியே பிரித்து மதிப்பிடுவதும் எளிதல்ல. 2022ஆம் ஆண்டில் மாநில அரசு தனது மானியத்தை 47.7 கோடி டாலரிலிருந்து 55.2 கோடி டாலராக உயர்த்தியது. பல ஆண்டுகள் கட்டணமும் உயர்த்தப்படவில்லை. எனினும், இணைப்புக்குப் பின்னரும் புதிய பல்கலைக்கழகங்களில் மாணவர் சேர்க்கை சரிந்தது.

நிர்வாகத்தை ஒன்றாக்குவது செலவைக் குறைக்கலாம். மாணவர்களை அது உருவாக்கித் தராது. மிச்சமாகும் பணம் வகுப்பறைக்கும் கட்டணக் குறைப்புக்கும் செல்கிறதா என்பதே இந்த முயற்சியின் உண்மையான அளவுகோலாக இருக்கும்.