பழைய வேட்டியும் ஓர் இத்தாலிய ஊரும்



இத்தாலி போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்த அன்றே பட்டியல் தயாராகிவிட்டது. ரோம், வெனிஸ், ஃபுளோரன்ஸ், மிலான், சாய்ந்த கோபுரத்துக்காக பீசா. 8 நாளில் 5 ஊர். டூர் பேக்கேஜ் விளம்பரங்களும் அப்படித்தானே இருக்கின்றன? விடிவதற்குள் பெட்டியைக் கட்டி, பஸ் ஏறி, இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி பஸ் ஏறி...

எங்களோடு அத்தையும் வருவதாக இருந்தது. என் கணவரின் அம்மா. 72 வயது, முழங்கால் வலி வேறு. பட்டியலைக் கேட்டுவிட்டு, "அஞ்சு ஊரையும் நீங்க பாருங்க. எனக்கு எங்கயாவது ஒரு ஊர்ல ரெண்டு நாள் நிம்மதியா உட்காரணும்" என்றார்.

இப்படிச் சொல்ல ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். நாம்தான் காதில் வாங்குவதில்லை. இந்த முறை வாங்கினேன். காரணம், என் மனதிலும் வெகுநாளாக ஓர் ஊர் இருந்தது. வீரமாமுனிவர் பிறந்த ஊர்.

அதன் பெயர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. வட இத்தாலியில், கார்தா ஏரிக்குத் தெற்கே, சின்னச் சின்னக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. மாந்துவா மாவட்டத்தைச் சேர்ந்தது. மிலானிலிருந்து வெனிஸ் போகும் ரயிலில் தெசென்சானோ என்ற ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். இந்த ஊருக்கென்று ரயில் கிடையாது. மாந்துவாவையும் பிரெஷாவையும் இணைக்கும் சாலையில் இருப்பதால் பஸ் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். நாங்கள் அப்படிக் கிளம்பி, கடைசியில் டாக்சி பிடித்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினிமாவில் பார்க்கும் இத்தாலிய கிராமத்தை எதிர்பார்த்து இங்கே போகக் கூடாது. ஊர் எல்லையில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சுற்றிலும் மக்காச்சோள வயல்களும் மாட்டுப் பண்ணைகளும். இந்தப் பகுதிப் பண்ணைகள் பலவற்றில் பால் கறப்பது நம் பஞ்சாபிகள். சாலையோரம் தலைப்பாகை கட்டிய ஒருவர் சைக்கிளில் போவதைப் பார்த்ததும் அத்தை கையெடுத்துக் கும்பிட, அவரும் ஒரு காலைத் தரையில் ஊன்றிப் பதில் வணக்கம் வைத்தார்.

பழைய ஊருக்குள் நுழைந்துவிட்டால் வேறு மாதிரி. கல் பாவிய தெருக்கள், மஞ்சளும் காவியுமாகச் சுவர்கள், மேட்டில் இடிபாடாக ஒரு கோட்டை. மதியம் ஒரு மணிக்கு மேல் கடைகள் மூடிவிடுகின்றன. எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்றரை, நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கிறார்கள். அந்த நேரத்தில் தெருவில் நடந்தால் ஜன்னல்களுக்குள்ளிருந்து தட்டும் கரண்டியும் இடிபடும் ஓசை மட்டும் கேட்கிறது. அவசரமாக மாத்திரை வாங்க வேண்டியிருந்தால் கஷ்டம்தான். ஆனால் ஊரே ஒரே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. நம் வீடுகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது?

1680-இல் இந்தத் தெருக்களில் ஒன்றில்தான் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி பிறந்தார். முப்பது வயதில் கப்பலேறி இந்தியா வந்து, தமிழ் கற்று, வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணி பாடினார். சதுரகராதி தொகுத்தார். பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் நமக்குத் தந்தார். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாட்டை ஏற்படுத்தியவர் அவர்தான் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் சிலேட்டில் 'ஏ' எழுதும்போது இழுக்கும் அந்தக் கோடு, இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் போட்ட கோடு. சென்னை மெரினாவில் அவர் சிலையைத் தினமும் கடந்து போகிறோம். அவர் ஓடி விளையாடிய மண்ணில் நின்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஊரில் ஒரு கோவிலில் இன்னொரு உறவும் காத்திருந்தது. புனித அலோசியஸ் கொன்சாகா இந்த ஊர்க்காரர். நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அவரை ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும். உங்கள் தெருவில் ஒரு ஞானப்பிரகாசம் மாமா இல்லையா? அந்தப் பெயரின் வேர் இங்கே இருக்கிறது. 1568-இல் இந்த ஊரை ஆண்ட குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தவர். பட்டத்தைத் தம்பிக்கு விட்டுவிட்டுத் துறவியானார். ரோமில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்து, அதே நோயில் 1591-இல் இறந்தார். வயது 23. அவருடைய மண்டை ஓடு இந்தக் கோவில் பீடத்தில் இருக்கிறது. அத்தை அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "பெத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் 1859, ஜூன் மாதம் 24-ஆம் தேதி.

அன்று இங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள சொல்ஃபெரினோ குன்றுகளில் பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் பிரான்சும் சார்டீனியாவும், மறுபக்கம் ஆஸ்திரியா. ஏறத்தாழ 3 லட்சம் வீரர்கள். மூன்று அரசர்களும் களத்துக்கே வந்திருந்தார்கள். மாலையில் புயலும் மழையும் அடித்து ஓய்ந்தபோது, உயிரோடு கிடந்தவர்களைத் தூக்க ஆள் இல்லை.

காயம்பட்டவர்களை வண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றி இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஊரின் மக்கள்தொகையே அப்போது 5,000 சொச்சம். மூன்று நாளில் வந்து சேர்ந்த காயக்காரர்கள் 9,000 பேருக்கு மேல். மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு.

நம் ஊரில் நடந்திருந்தால் என்ன செய்திருப்போம்? கோவில்களைத் திறந்தார்கள். பள்ளியை, மடத்தை, படைவீட்டைத் திறந்தார்கள். இடம் போதவில்லை என்றதும் வீடுகளைத் திறந்தார்கள். அதற்கும் மேல் வந்தவர்களைத் தெருவிலும் முற்றத்திலும் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்கள். பெண்கள் துணியும் தண்ணீருமாக ஓடினார்கள். சிறுவர்கள் குழாயடியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார்கள்.

அந்த நேரத்தில் ஊரில் ஒரு வெளியூர்க்காரர் இருந்தார். ஹென்றி டுனாண்ட், 31 வயது, சுவிட்சர்லாந்து வியாபாரி. அல்ஜீரியாவில் மாவு மில் நடத்த அனுமதி வேண்டி பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்க வந்தவர். வந்த வேலையை மறந்துவிட்டுக் கோவிலுக்குள் நுழைந்தார். பெரிய கோவிலில் மட்டும் 500 பேர் அடுக்கிப்போட்டது போலக் கிடந்தார்கள். தன் வண்டிக்காரரை பிரெஷாவுக்கு அனுப்பிச் சாமான் வாங்கிவரச் சொன்னார். ஆரஞ்சு, எலுமிச்சம்பழம், சர்க்கரை, சட்டைகள், கட்டுப்போடத் துணி, குண்டூசி, புகையிலை. மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதும் நமக்கு இந்தப் பட்டியல் புரியும். தாகத்துக்கு எலுமிச்சை, கட்டுக்குத் துணி, வலி மறக்கப் புகையிலை. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர் போடும் பட்டியல் இது.

நண்பனா எதிரியா என்று டுனாண்ட் பார்க்கவில்லை. ஊர்ப் பெண்களும் பார்க்கவில்லை. 'தூத்தி ஃபிராத்தெல்லி' என்று சொல்லிக்கொண்டே ஆஸ்திரியனுக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்று பொருள்.

அவர்களைத் தெய்வப் பிறவிகளாக்க எனக்கு மனமில்லை. ஒரு கட்டத்தில், ஆஸ்திரியப் படை திரும்பி வருகிறது என்று வதந்தி கிளம்பியது. ஊரே நடுங்கியது. ஜன்னலில் தொங்கவிட்ட மூவர்ணக் கொடிகளைக் கொளுத்தினார்கள். சிலர் குழந்தை குட்டிகளோடு வயலுக்கு ஓடினார்கள். சிலர், வருகிறவன் என்ன செய்வானோ என்ற பயத்தில், கண்ணில் பட்ட ஆஸ்திரியக் காயக்காரனை வீட்டுக்குள் தூக்கிவந்து உபசரிக்க ஆரம்பித்தார்கள். டுனாண்ட் இதையும் எழுதிவைத்திருக்கிறார். இதைப் படித்த பிறகுதான் அந்தப் பெண்கள் எனக்கு நெருக்கமானார்கள். நம்மைப் போலவே பயந்தவர்கள். பயத்தோடேயே செய்தார்கள்.

மிச்சக் கதை உலகம் அறிந்தது. டுனாண்ட் ஊர் திரும்பி, கண்டதை 1862-இல் புத்தகமாக்கித் தன் செலவில் அச்சிட்டார். 1863-இல் ஜெனீவாவில் ஐந்து பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அதுதான் செஞ்சிலுவைச் சங்கம். அடுத்த ஆண்டே முதல் ஜெனீவா ஒப்பந்தம். 1901-இல் முதல் நோபல் அமைதிப் பரிசு டுனாண்டுக்கும் பிரெடெரிக் பாஸிக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. இடையில் டுனாண்ட் தொழிலில் நொடித்து, பல வருஷம் வறுமையில் கிடந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

ஊருக்குள் ஒரு பழைய மாளிகையில் செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. போரின் நூற்றாண்டான 1959-இல் தொடங்கியது. காயக்காரர்களை ஏற்றிய பழைய வண்டிகள், தூக்குப் படுக்கைகள், அந்தக் காலத்து அறுவை சிகிச்சைக் கருவிகள். கருவிகளை என்னால் பார்க்க முடியவில்லை. மயக்க மருந்து எல்லோருக்கும் கிடைக்காத காலம் அது.

அத்தை நின்றது துணிக் கட்டுகளுக்கு முன்னால். "இது நம்ம வீட்டுப் பழைய வேட்டிதான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். அவர் புகுந்த வீட்டில் கிழிந்த வேட்டியைத் தூக்கிப் போட மாட்டார்களாம். துவைத்து, வெயிலில் காயவைத்து, நீளமாகக் கிழித்துச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பார்களாம். அறுப்பில் அரிவாள் பட்டவர், மரத்திலிருந்து விழுந்த பையன், யாராக இருந்தாலும் முதலில் அந்த வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். "ஆளு யாருன்னு கேட்டுக்கிட்டா கட்டுப் போடுவோம்? ரத்தம் நிக்கணும், அதுதான்."

இந்த ஊர்ப் பெண்களுக்கும் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவர்கள் கையில் இருந்ததும் வீட்டுத் துணி, வீட்டுத் தண்ணீர், பிள்ளை பெற்று வளர்த்த பழக்கம். ஜெனீவாவின் ஒப்பந்தங்களுக்கெல்லாம் அடியில் அந்தத் துணி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இன்று நம் வீட்டில் அடிபட்டால் கட்டுப்போட என்ன இருக்கிறது? ஒரு டெட்டால் பாட்டில், காலாவதியான களிம்பு. நான் ஊர் திரும்பியதும் என் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதே வாரம் ஒரு முதலுதவி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். நீங்களும் சேருங்களேன். ஒரு நாள் வகுப்புதான்.

சரி, சாப்பாடு. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். இந்தப் பக்கத்தின் பேர்போன உணவே பூசணிக்காய் வைத்த தோர்தெல்லி. மாவுக்குள் பூசணியும் பாதாம் பிஸ்கட் தூளும் சீஸும் வைத்து மூடி, வேகவைத்து, வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். தித்திப்பாக இருக்கும். என் கணவருக்குப் பிடிக்கவில்லை, எனக்கு இரண்டு தட்டு. கபுன்செய் என்று ஒன்று, காய்ந்துபோன ரொட்டியைத் தூளாக்கிப் பிடித்து வேகவைப்பது. நாம் மீந்த இட்லியை உப்புமா ஆக்குவது போல. ஸ்பிரிசொலோனா என்ற மொறுமொறு கேக்கைக் கத்தியால் வெட்டாமல் கையால் உடைத்துத்தான் தின்ன வேண்டும். அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், இங்கத்து சீஸிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் உண்டு. கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாலையில் கடைகள் திறந்ததும் ஊரே தெருவுக்கு வந்துவிடுகிறது. தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை. எங்கும் போவதற்காக நடப்பதில்லை, நடப்பதற்காக நடக்கிறார்கள். அத்தை கோவில் வாசல் பெஞ்சில் அவர் கேட்ட இரண்டு நாளும் நிம்மதியாக உட்கார்ந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாட்டிக்கும் முழங்கால் வலி. மொழி தேவைப்படவில்லை.

ஜூனில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஒவ்வொரு வருஷமும் அந்தப் போர் நாளையொட்டிப் பல நாட்டுச் செஞ்சிலுவைத் தொண்டர்கள், காயக்காரர்கள் வந்த வழியே, சொல்ஃபெரினோவிலிருந்து இந்த ஊருக்குத் தீப்பந்தம் ஏந்தி நடக்கிறார்கள். நான் போனது அக்டோபர், அதனால் பார்க்கவில்லை. இன்னொரு முறை போவேன், அதற்காகவே. வெனிஸில் ஒரு நாளைக் குறைத்து இந்த ஊருக்குக் கொடுத்துப் பாருங்கள். தங்கும் செலவும் குறைவு.

என் அக்கா பேரன் ஏழாம் வகுப்பு. பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸில் இருக்கிறான். ஜே.ஆர்.சி. பேட்ஜைக் குத்திக்கொண்டு போன வாரம் வீட்டுக்கு வந்தான். அத்தை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது எந்த ஊரில் ஆரம்பித்தது தெரியுமா என்று கேட்டார். அந்த ஊரின் பெயர் இன்னமும் அவர் வாயில் நுழையவில்லை. 'வீரமாமுனிவர் ஊர்' என்றே சொல்கிறார். கதையைப் போரிலிருந்து அவர் ஆரம்பிக்கவில்லை. ஆரஞ்சு, எலுமிச்சம்பழம், சர்க்கரை, சட்டை, துணி, குண்டூசி என்று விரல் மடக்கி, அந்த வண்டியில் வந்த சாமான்களிலிருந்து ஆரம்பித்தார்.

அன்புடன்,
ஆசிரியர்