அரசுக்கு விற்ற சரக்கும் காலந்தாழ்ந்த காசும்

வணிகம் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. ஆயினும் நம் சிறுதொழில் முனைவோர் அரசு ஒப்பந்தம் என்றாலே ஒதுங்கி நிற்பதைக் காண்கிறோம். ஏனென்று வினவினால், ஒப்பந்தப்புள்ளி கிடைப்பது அரிது என்பார் சிலர். கிடைத்தபின் பணம் வருவது அதனினும் அரிது என்பார் பலர். முன்னதற்கு நடுவணரசு ஓரளவு வழிசெய்துள்ளது. நடுவண் அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெறவேண்டுமென 2012ஆம் ஆண்டு ஆணை கூறிற்று. 2018இல் அது 25 விழுக்காடாயிற்று. பின்னதைக் குறித்தே நாம் இங்குப் பேச விழைகின்றோம்.

ஒரு சிறு தையற்கூடம் ஓர் அரசு மருத்துவமனைக்கு இரண்டு இலட்ச ரூபாய்க்குப் படுக்கை விரிப்புகள் வழங்கியதாகக் கொள்வோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருப்பினும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி, திங்கள்தோறும் கணக்கிடப்படும். அவ்விகிதம் 6 விழுக்காடாயின், ஓராண்டுத் தாமதத்திற்கு ஏறத்தாழ 39 ஆயிரம் ரூபாய்! வாங்குபவர் யாவராயினும் இச்சட்டம் பொருந்தும். அரசும் இதற்கு விலக்கன்று. வசதியாக்க மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் வழக்காட வேண்டுமாயின், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும்.

இத்துணை வலிய சட்டம் இருந்தும் தையற்கூடத்தார் ஏன் வாய் திறப்பதில்லை? அடுத்த ஆண்டும் அதே வாயிலில்தான் அவர் நிற்க வேண்டும். முறையிட்டவர் பெயர் அங்குள்ளோர் நினைவில் நிற்கும் என்ற அச்சமே அவர் நாவைக் கட்டுகிறது. நலிந்தவன் முறையிட்டாலன்றி உயிர்பெறாத உரிமையை முழு உரிமை என்று நாம் எங்ஙனம் கூறுவது? தாமதமான ஒவ்வொரு பட்டியலுக்கும், கேளாமலே, கருவூலமே ஈட்டுத்தொகையைக் கணக்கிட்டுச் சேர்த்து வழங்க வேண்டும் என்பதே நம் கருத்து. கணினிவழிக் கணக்கு வந்துவிட்ட இக்காலத்தில் இது இயலாத செயலன்று.

நம் சமுதாயத்தார்க்கு வேறொரு தயக்கமும் உண்டு. வட்டி விலக்கப்பட்டதாயிற்றே, அதைக் கேட்டு மன்றம் ஏறலாமா என்பது. அதற்கு விடை கூற வேண்டியவர் மார்க்க அறிஞர், நாம் அல்லேம். ஆனால் அசலைக் கேட்பதில் என்ன தயக்கம்? அரசு தரவேண்டிய பணம் வாராமையால் தறிக்கும் தையலுக்கும் கூலி கொடுக்க அவரே வட்டிக்குக் கடன் வாங்குகிறாரே, அதையும் எண்ணிப்பார்க்க வேண்டாமா?

பதிவு பற்றியும் ஒரு சொல். ஒப்பந்தத்திற்குப் பின் பதிவு செய்துகொண்டவர் முன்வழங்கிய சரக்கிற்கு இச்சட்டத்தின் பயனைக் கோர இயலாதென உச்சநீதிமன்றம் 2021இல் கூறியது. பதிவு குறித்த வினாவை 2025இல் மற்றோர் அமர்வு பேரமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. அவ்வழக்காடலுக்கு நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? 'உத்யம்' பதிவுக்குக் கட்டணமே இல்லை.

எல்லாவற்றினும் நம்மவர் கோட்டைவிடுவது எழுத்தில்தான். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை அறிந்தும், வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கை இறக்கிவிட்டு வருகிறோம். சட்டத்தின் நாட்கணக்கோ ஒப்படைத்த நாளிலிருந்தே தொடங்குகிறது. 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் மறுப்புக் கூறாவிடின் சரக்கை ஏற்றதாகவே கொள்ளப்படும். ஆனால் அந்த நாளை மெய்ப்பிக்கும் தாள் யாரிடம் உள்ளது?

இங்கேதான் தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. ஒப்பந்த ஆவணங்கள் பலவும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றின் விதிகளை எளிய தமிழில் எடுத்துரைக்க நம்மால் முடியாதா? முதலில் ஓர் ஒப்படைப்புச் சீட்டினைத் தமிழில் ஆக்கித் தருவோம். பொருள், அளவு, ஒப்படைத்த நாள், பெற்றவர் பெயர், பதவி, கையொப்பம், அலுவலக முத்திரை ஆகிய இவ்வளவும் அரைத்தாளில் அடங்கிவிடும்.