வட்டி ஏறும்போது தங்கம்

மும்பையில் முப்பது ஆண்டு உழைத்த தமிழர் ஒருவர் ஓய்வு பெற்றால், பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்த வாரத்திலேயே குடும்பம் ஜவேரி பஜாருக்குப் புறப்பட்டு விடுகிறது. "பேங்க் வட்டி என்ன பெரிய வட்டி? தங்கம் கைவிடாது" என்பதே தாராவியிலும் மாட்டுங்காவிலும் கேட்கும் பேச்சு.

இந்தப் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சீட்டுக் கம்பெனியில் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். பி.எப். என்பதையே அறியாத பட்டறைத் தொழிலாளிக்கு மனைவியின் கழுத்துச் சங்கிலிதான் பி.எப். ஆனால் ஓய்வுப் பணம் முழுவதையும் தங்கமாக்குவது வேறு சங்கதி.

தங்கம் குட்டி போடாது. வட்டி ஏறும்போது, தங்கத்தை வைத்திருப்பவர் கைவிடும் வருமானமும் ஏறுகிறது. அதனால் பெரிய முதலீட்டாளர்கள் தங்கத்தை விற்று வட்டியின் பக்கம் போவதுண்டு. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டாலரைத் தொட்டது. அமெரிக்கா வட்டியை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தியதும், 1982 நடுவில் அது 300 டாலர் அளவுக்கு இறங்கியது. பழைய விலையைத் திரும்பப் பார்க்க 2008 வரை, அதாவது 28 ஆண்டு, காத்திருக்க வேண்டியதாயிற்று.

எப்போதும் இப்படித்தான் நடக்குமா என்றால், அதுவும் இல்லை. ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. அமெரிக்காவிலும் வட்டி ஏறியது. 2022-ல் டாலர் கணக்கில் தங்கம் சற்று இறங்கினாலும், ரூபாயின் மதிப்பு சரிந்ததால் இந்தியாவில் அந்த இறக்கம் தெரியவில்லை. பல நாட்டு மத்திய வங்கிகளும் தங்கம் வாங்கிக் குவித்தன. 2025-ல் அவுன்ஸ் 4,000 டாலரையும் தாண்டியது.

ஆகவே விலை ஏறுமா, இறங்குமா என்று ஜோசியம் பார்ப்பதில் பயனில்லை. மாதம் பிறந்தால் அரிசிக்கும் வாடகைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதே ஓய்வு பெற்றவரின் கேள்வி. வளையலை மாதாமாதம் வெட்டி விற்க முடியாது. விற்றாலும் செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது. அடகு வைத்தாலோ, வட்டி வாங்க வேண்டிய வயதில் வட்டி கட்ட வேண்டியதாகும். நாட்டில் வட்டி ஏறினால் அடகு வட்டியும் ஏறும்.

தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2022 செப்டம்பர் வரை 7.4 சதவீத வட்டி கிடைத்தது. 2023 ஏப்ரலில் அது 8.2 சதவீதமாயிற்று. பத்து லட்சம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு 18,500 ரூபாய் கிடைத்த இடத்தில் 20,500 ரூபாய். போட்ட நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கு மாறாது. வட்டி உயர்ந்திருக்கும் காலத்தில் ஓய்வு பெறுபவருக்கு இது கைமேல் பலன். அந்த நேரத்தில் பணத்தை நகையாக்குபவர் இந்த வாய்ப்பை நழுவ விடுகிறார்.

விலைவாசி ஏறினால் வட்டிப் பணத்தின் பலம் குறையும் என்பதும் உண்மையே. அதற்காகத்தான் ஒரு பங்கு தங்கம் இருக்க வேண்டும். ஏற்கனவே வீட்டில் இருக்கும் நகையை வட்டி ஏறியதென்று விற்கவும் வேண்டாம். ஓய்வுப் பணத்தைக் கொட்டிப் புதிதாக வாங்கவும் வேண்டாம். பெரும்பாலான குடும்பங்களில் அந்தப் பங்கு முன்பே பெட்டியில் இருக்கிறது.

ஓய்வு பெறுபவருக்கு மாலை போட்டுப் பாராட்டும் தொழிற்சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் இந்தக் கணக்கையும் அன்றே எடுத்துச் சொல்ல வேண்டும். மாலை மறுநாள் வாடிவிடும். வட்டி வரவு முதுமையில் பிள்ளைகளிடம் கையேந்தாமல் காக்கும்.