கிளப்பத் தெரிந்த லாக்கருக்கு நிறுத்தத் தெரியாது!



டிப்ரன்ஷியல் படம் போடத் தெரியாத ஆட்டோமொபைல் மாணவன் நம்மில் உண்டா? கிரவுன் வீல், பினியன், சன் கியர், ஸ்டார் பினியன் என்று அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்து மார்க்கை அள்ளிவிடுவோம். டிப்ரன்ஷியல் லாக் பற்றிக் கேட்டால்? "ஒரு சக்கரம் சேற்றில் சுற்றினால், லாக் போட்டால் வண்டி வெளியே வரும்." அதோடு சரி! வயலில் இறங்கும் டிராக்டருக்கு அந்த ஒரு வரி போதும். பனிமலைப் பாதைக்குப் போதவே போதாது.

இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டினால், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், 2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை. அது வந்தபிறகு டிசம்பர், ஜனவரியிலும் பனி பார்க்கக் கார்கள் வரிசை கட்டுகின்றன. 2024 டிசம்பரில் நூற்றுக்கணக்கான வண்டிகள் அந்த ரோட்டில் பனியில் மாட்டிக்கொண்டன. அங்கே குளிர்காலத்தில் வழுக்கிப் போகிற வண்டிகளில் சாதாரண கார் மட்டுமல்ல, போர் வீல் டிரைவ் ஜீப்புகளும் உண்டு.

மஹிந்திரா தார் வண்டியின் சில மாடல்களில், பின் ஆக்ஸிலில் தானாகவே பூட்டிக்கொள்ளும் லாக்கர் வருகிறது. போர்ஸ் கூர்காவில் முன், பின் இரண்டுக்கும் லாக்கர் உண்டு, ஓட்டுகிறவர்தான் போடவேண்டும். நல்ல சாமான்கள்தான், குறை சொல்ல வரவில்லை. "லாக்கர் இருக்குல்ல, எந்தப் பனியிலும் போயிடலாம்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதோடுதான் எனக்குச் சண்டை!

லாக்கர் என்ன செய்கிறது? சாதாரண டிப்ரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான முறுக்குவிசைதான் தரும். ஒரு சக்கரம் பனிக்கட்டி மேல் நின்றால், அது தாங்குகிற அந்தக் கொஞ்சூண்டு விசைதான் நல்ல தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும். லாக்கர் போட்டால் இரண்டு ஆக்ஸில் ஷாப்டும் ஒன்றாகச் சுற்றும். பிடிப்புள்ள சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும். வண்டி கிளம்பிடும். சரி, கிளம்பிய பிறகு?

முதலில் வளைவு. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் என்று வையுங்கள். 90 டிகிரி திரும்பி முடிப்பதற்குள் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.36 மீட்டர் அதிகமாக ஓடவேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது, போட்டுப் பாருங்கள்! பூட்டிய ஆக்ஸிலில் இரண்டும் ஒரே வேகம். அப்போ ஏதோ ஒரு டயர் வழுக்கியே தீரவேண்டும். அதோடு, பின் ஆக்ஸில் வண்டியை நேராகவே தள்ளும். முன் டயருக்குப் பனியில் திருப்புகிற அளவு பிடிப்பு இல்லையென்றால் வண்டி நேரே போகும். கொண்டை ஊசி வளைவில் நேரே போனால் எங்கே போவோம்?

இரண்டாவது, பக்கவாட்டு வழுக்கல். இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். சுழன்று வழுக்குகிற டயருக்குப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும் சக்தி அநேகமாக இருக்காது. லாக்கர் இல்லாத வண்டியில் ஆக்ஸிலேட்டரை அதிகம் கொடுத்தால் ஒரு பின் சக்கரம் சும்மா சுற்றும். மற்றது பேசாமல் தரையைப் பிடித்திருக்கும். வண்டி நகராது, ஆனால் பின்பக்கம் சறுக்கவும் விடாது. லாக்கர் போட்டிருந்தால்? இரண்டும் சேர்ந்து சுழலும். பிடிக்க ஆளே இல்லை! ரோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பின்பகுதி இறங்கும். மலையில் அந்தப் பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, நிறுத்துவது. உராய்வு எண் காய்ந்த ரோட்டில் 0.7, பனிக்கட்டியில் 0.1 என்று கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால் காய்ந்த ரோட்டில் ஏறத்தாழ 9 மீட்டரில் வண்டி நிற்கும். பனிக்கட்டியில் 63 மீட்டர்! இந்தக் கணக்கில் லாக்கர் எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. லாக்கர் இல்லாத வண்டிக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் உண்டே! இன்னொன்று: சில வண்டிகளில் லாக்கரைப் போட்டவுடன் ஏ.பி.எஸ்., சறுக்கல் தடுப்பு எல்லாம் வேலை செய்யாது. மேலே ஏற உதவிய சாமான் கீழே இறங்கும்போது காப்பாற்றும் என்று நினைப்பது வீண் நம்பிக்கை.

பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, ரோட்டில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டம். சட்டம் கேட்பது டயரை! குளிரிலும் இறுகிப்போகாத ரப்பர் அது. கிளம்ப, திரும்ப, நிற்க மூன்றுக்கும் உதவும். மணாலியிலும் பனி கொட்டும் நாட்களில் போர் வீல் டிரைவ் வண்டிகளையும், செயின் மாட்டிய வண்டிகளையும் மட்டுமே மேலே விடுவது வழக்கம்.

அப்படியானால் லாக்கரே வேண்டாமா? வேண்டும்! ஆழமான பனியில் சக்கரம் புதைந்தால், நேரான பாதையில் மெதுவாக ஏறவேண்டியிருந்தால் அதைப்போல் உதவி இல்லை. கையால் போடுகிற லாக்கரென்றால் சக்கரம் சுழலாதபோது போடணும், ஸ்டீயரிங் நேராக இருக்கணும், வெளியே வந்தவுடன் எடுத்துடணும். தானாகப் பூட்டுகிற வகையென்றால் நம் வலது கால்தான் சுவிட்ச். ஆக்ஸிலேட்டரை மிதமாக வைத்துச் சக்கரத்தைச் சுழல விடாமல் ஓட்டணும்.

நம் லேபிலும் இதைப் பார்க்கலாம். ஆக்ஸிலை ஸ்டாண்டில் ஏற்றி, பினியனைப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். லாக் போட்டுச் சுற்றினால் இரண்டுமே அசையாது. ஐந்து நிமிஷ வேலை. எல்லாச் செட்டுக்கும் இதைச் செய்துகாட்ட வேண்டும் என்று நம் ஆசிரியர்களைக் கேட்போம்.

நாளைக்கு நம்மில் பலர் ஒர்க்ஷாப்பிலும் ஷோரூமிலும் நிற்கப் போகிறோம். குடும்பத்தோடு வருகிற ஒருவர் கேட்பார்: "லாக்கர் இருக்கே தம்பி, பனியில தைரியமா போகலாம்ல?" விற்றால் போதும் என்று தலையாட்டுவதா? "போகலாம் சார். முதல்ல டயரைப் பார்ப்போம், அப்புறம் எங்கே லாக்கர் போடக்கூடாதுன்னு சொல்றேன்" என்று சொல்கிறவன்தான் டிப்ளமோ படித்தவன்!